அதே மாத்திரை சாப்பிடும் அக்கா

விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு மாத்திரை டப்பாவைத் திறப்பதே பெரும்பாடு. கையில் எடுத்தாலே கலகலக்கும். பக்கத்துக் கட்டில்காரன் என்னவென்று கேட்டால்? அதனால் மாத்திரைகளைத் தாளில் மடித்து ஒளித்துவைப்பார்கள். அதற்கும் வழியில்லாத நாளில் விழுங்காமலே விட்டுவிடுவார்கள். தாயிடமிருந்து எச்.ஐ.வி. தொற்றிப் பிறந்த பிள்ளைகள் பலர் பதின்பருவத்தில் தடுமாறுவது இப்படித்தான்.

விட்டால் என்ன ஆகும்? எச்.ஐ.வி. தன் மரபணுவைப் படியெடுக்கும்போது ஏகப்பட்ட பிழை விடும் வைரஸ். ரத்தத்தில் மருந்து போதிய அளவு இருக்கும்வரை அதனால் பெருக முடியாது. மருந்து குறைந்தால் மறுபடி பெருகும். அப்போது நேரும் பிழைகளில் ஒன்று மருந்துக்கு மசியாத வகையை உண்டாக்கிவிட்டால், அதுவே செழிக்கும். பிறகு அந்த மாத்திரையால் பயனில்லை.

மருந்துகள் எவ்வளவோ மேம்பட்டுவிட்டன. குழந்தைகளுக்கு முன்பு கொடுத்த லோபினாவிர் திரவம் கடும் கசப்பு. அதில் ஆல்கஹால் மட்டும் சுமார் 42 சதவீதம். 2020-க்குப் பிறகு, தண்ணீரில் கரையும் ஸ்ட்ராபெர்ரி சுவை டோலுடெக்ராவிர் மாத்திரை வந்துவிட்டது. அதைத் தயாரிப்பவற்றில் மும்பையின் மேக்லியாட்ஸ் நிறுவனமும் ஒன்று.

கசப்பு போயிற்று, பயம் போகவில்லை. அதற்கு வழி கண்டது ஜிம்பாப்வே. 2004-ல் ஹராரேயில் சில பதின்பருவத்தினர் கூடிப் பேசத் தொடங்கிய சிறு குழுதான் 'ஸ்வண்டிரி' திட்டமாக வளர்ந்தது. எச்.ஐ.வி.யோடு வாழும் 18 முதல் 24 வயது இளையோருக்கே பயிற்சி கொடுத்து, அரசு மருத்துவ நிலையங்களோடு இணைக்கிறார்கள். அவர்கள் வீடு தேடிப் போகிறார்கள், குறுஞ்செய்தி அனுப்புகிறார்கள், வளர்க்கும் பாட்டியிடமும் உட்கார்ந்து பேசுகிறார்கள். டாக்டரிடம் சொல்லாததை, அதே மாத்திரை சாப்பிடும் அக்காவிடம் பிள்ளை சொல்லிவிடும்.

இது வெறும் நல்லெண்ணம் அல்ல. பின்டுரா, ஷாம்வா மாவட்டங்களின் 16 மருத்துவ நிலையங்களில் 13 முதல் 19 வயதுப் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்து, 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். 96 வாரங்களுக்குப் பின், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 36 சதவீதத்தினருக்கு வைரஸ் கட்டுக்குள் இல்லை, அல்லது அவர்கள் உயிரோடு இல்லை. இந்தத் துணையும் கிடைத்தவர்களில் அது 25 சதவீதம். 25 சதவீதமும் நெஞ்சை அறுக்கும் கணக்குதான். ஆனாலும் புது மருந்து எதுவும் சேர்க்காமல் கிடைத்த பலன் இது.

2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது, ஆப்பிரிக்காவில் வேலை இழந்தவர்களில் இத்தகைய சமூகப் பணியாளர்கள் ஏராளம். மாத்திரையை இலவசமாகக் கொடுக்கும் அரசுகள், இந்த இளையோரையும் சுகாதாரப் பணியாளர்களாகவே நியமித்து மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும்.