வாங்கறதுக்கும் ஒரு படிப்பு!

காலையில தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன்ல இறங்கி மெப்ஸுக்குள்ள போற கூட்டத்தைப் பார்த்திருப்பீங்க. 1984-ல் ஏற்றுமதி மண்டலமா ஆரம்பிச்ச இடம். அங்கே ஸ்க்ரூவில் இருந்து மெஷின் வரை வாங்கிப் போடுறது யார்? 'பர்ச்சேஸ்' ஆட்கள்தான்!

ஒரு சின்னக் கணக்கு. ஒரு கம்பெனி 100 கோடிக்கு வித்து, 5 கோடி லாபம் பார்க்குது. பொருள் வாங்க மட்டும் 60 கோடி செலவுனு வைங்க. அதுல 1 சதவிகிதம் மிச்சம் பிடிச்சா 60 லட்சம் லாபம். இதையே வித்து சம்பாதிக்கணும்னா, அதே லாப விகிதத்துல இன்னும் 12 கோடிக்கு விக்கணும். அம்மாடி!

எந்த டிகிரியா இருந்தாலும் தொடங்கலாம். மெஷின் பாகம் வாங்குற இடத்துல இன்ஜினீயரிங், டிப்ளமோ ஆட்களுக்கு முதல் சான்ஸ். இண்டியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெட்டீரியல்ஸ் மேனேஜ்மென்ட்டுக்கு சென்னையிலும் கிளை இருக்கு. வேலை பார்த்துக்கிட்டே டிப்ளமோ முடிக்கலாம். வளைகுடா கனவு இருந்தா, பிரிட்டனின் 'சிப்ஸ்' அமைப்பு தர்ற எம்.சி.ஐ.பி.எஸ். தகுதிக்கு அங்கே மரியாதை அதிகம். ஃபீஸ்தான் கொஞ்சம் கடிக்கும்.

பாடத்துல வராத பரீட்சை ஒண்ணு இருக்கு. தீபாவளி ஸ்வீட் பாக்ஸுக்கு அடியில சப்ளையர் வைக்கிற கவர். அதை வாங்கிட்டா, அடுத்த வருஷம் அவர் சொல்றதுதான் ரேட்.

இன்னொண்ணு... சிறு தொழிற்கூடத்துக்கு அதிகபட்சம் 45 நாளைக்குள்ள பணம் தரணும்கிறது 2006-ம் வருஷச் சட்டம். திருமுடிவாக்கத்துல லேத் ஓட்டுறவர் வீட்டு அடுப்பு, நீங்க பில் பாஸ் பண்ணாத்தான் எரியும் பாஸ்!