கான்கிரீட்டும் துளையலகும்

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் தண்டலத்தைக் கடந்ததும் இருங்காட்டுக்கோட்டையின் ஆலைகள் தொடங்கிவிடுகின்றன. 1998இல் அங்கு மகிழுந்து உற்பத்தி தொடங்கியது. 2010இல் ஒரகடத்திலும் அத்தகைய பேராலை இயங்கலாயிற்று. இத்தகைய ஆலைகளில் கனத்த பொறிகளைத் தளத்தோடு பிணைப்பவை நங்கூர ஆணிகள். அவற்றுக்குத் துளையிடுதல் எளிய தொழிலன்று.

மரத்தையும் இரும்பையும் துளையலகு சீவி எடுக்கிறது. கான்கிரீட்டோ சீவப்படுவதில்லை; நொறுங்குகிறது. ஆகவே அதனை உடைப்பது சம்மட்டியடியே. சுழற்சியானது அடி விழும் இடத்தை மாற்றித் தூளை வெளியேற்றுகிறது. பட்டறையில் ‘பிட்’ என வழங்கும் அலகின் முனையில் டங்ஸ்டன் கார்பைடு வில்லை பொருத்தப்படுவது இவ்வடியைத் தாங்கவேயாகும்.

வேகத்திற்கும் கணக்குண்டு. 6 மி.மீ. அலகு நிமிடத்திற்கு 1000 சுற்றுச் சுழன்றால் அதன் விளிம்பு ஏறத்தாழ 19 மீட்டர் ஓடுகிறது; 12 மி.மீ. அலகோ 500 சுற்றிலேயே அத்தூரத்தை ஓடிவிடும். எனவே விட்டம் பெருகப் பெருகச் சுற்றைக் குறைத்தல் வேண்டும். விரைவு மிகின் வெப்பம் மிகும், முனை மழுங்கும். சூடேறிய அலகை நீரில் தோய்த்தால் வில்லை விரிசலுறும். உட்கம்பி தட்டுப்பட்டால் வலிந்து துளைக்காது பொறியாளரைக் கேட்டல் நலம்.

துளையில் தூள் தங்கினால் ஆணியின் பிடிப்புத் தளரும். அதற்காக வாயால் ஊதுதல் ஆகாது. தூரிகையும் உறிஞ்சியும் கொள்க. அத்தூளிலுள்ள நுண்சிலிக்கா நுரையீரலிற் படிந்து சிலிகோசிஸ் எனும் தீராநோயை விளைவிக்கும். துளையிடுவோர்க்கு முகக்கவசம் தருதல் சலுகையன்று, கடமை. பொறி நிலைபெற்றால் மட்டும் போதாது. துளையிட்டவர் மூச்சும் நிலைபெறுதல் வேண்டும்.