பறவைக் கணக்கர்

சென்ற ஐப்பசி மாதத்தில், மாரிமழை தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்னதாக, ஒரு விடியற்காலையிலே எங்கள் வீட்டு விறாந்தையில் சிறு பறவையொன்று விழுந்து கிடந்தது. யன்னற் கண்ணாடியில் மோதியிருத்தல் வேண்டும். மைனாவிலும் சற்றுச் சிறிய உருவம். முதுகிலே பச்சை, தோளிலே நீலம், வாலடியிலே குங்குமத்தை அப்பினாற் போன்ற சிவப்பு, கண்ணை ஊடறுத்துச் செல்லும் ஒரு கரும்பட்டை. ஐம்பது வயதைக் கடந்துவிட்ட நான் இவ்வூரிலேயே பிறந்து வளர்ந்தவன். எனினும் இத்தகையதொரு பறவையை அன்றுவரை கண்டதில்லை.

இரண்டு ஒழுங்கை தள்ளி வசிக்கும் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியருக்குச் சொல்லியனுப்பினேன். ஊரார் அவரை ‘குருவி மாஸ்ரர்’ என்பர். முகத்துக்கு நேரேயும் சிலர் அப்படியே அழைப்பதுண்டு. அவர் அதற்குக் கோபிப்பதில்லை. சப்பாத்துப் பெட்டியொன்றைக் கையிலெடுத்துக்கொண்டு அவர் வந்தார். மூடியிலே நாலைந்து துளைகளிட்டுப் பறவையை மெல்ல உள்ளே வைத்து மூடினார்.

“இமயமலை அடிவாரத்திலோ இந்தியாவின் நடுக்காடுகளிலோ பிறந்தது. கடல் கடந்து வந்த களைப்பு. இருட்டிலே சற்று இருந்தால் தேறிவிடும்” என்றார். பின்பு, “இதன் பெயர் ஆறுமணிக்குருவி. காலையும் மாலையும் ஆறு மணியளவிற் கூவும். ஒவ்வொரு மாரிக்கும் உமது வளவிலே இதன் இனம் வந்து தங்கியிருக்கும். நீர்தான் காணவில்லை” என்றும் சொன்னார்.

மாலையிற் பெட்டியைத் திறந்ததும் அது மாமரத்தடிச் சருகுகளிடையே தத்திச் சென்று மறைந்தது. ஆனால், “நீர்தான் காணவில்லை” என்ற அந்தச் சொல் என்னை விட்டு மறையவில்லை. தை மாதத்திலே நீர்ப்பறவைகளைக் கணக்கெடுப்பதற்காக மாஸ்ரர் மன்னாருக்குப் புறப்பட்டபோது நானும் உடன்சென்றதற்கு அதுவே காரணம்.

ஆசிய நாடுகள் பலவற்றில் ஒவ்வோராண்டும் சனவரி நடுப்பகுதியில் நீர்ப்பறவைகள் எண்ணப்படுகின்றன. இலங்கையிலே இப்பணியை ஒழுங்குசெய்து வருவது 1943ஆம் ஆண்டிலே தோன்றிய இலங்கைப் பறவைக் கழகம். சம்பளமோ படிச்செலவோ இல்லாத வேலை. இதற்கெனத் தம் விடுமுறையைச் செலவிட்டு, சொந்தக் காசிலே பெற்றோல் ஊற்றி, சேற்றிலே முழங்கால்வரை நிற்க மனமுடையோர் இந்நாட்டில் இருக்கின்றனர் என்பதை நான் அறியாதிருந்தேன்.

இரவு இரண்டு மணிக்கு யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டோம். சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடக்கையில் வண்டியின் வெளிச்சத்திலே நீர் மாத்திரம் மின்னிற்று. பூநகரி, வெள்ளாங்குளம் தாண்டி, பெருநிலத்தையும் மன்னார்த் தீவையும் இணைக்கும் தாம்போதிக்கு வந்து சேர்ந்தபோது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. அங்கே எங்களுக்காக இருவர் காத்து நின்றனர். ஒருவர் மன்னாரைச் சேர்ந்த மீனவக் குடும்பத்து இளைஞர். நீண்ட புகைப்படக் கருவியைத் தோளிற் சுமந்திருந்தார். மற்றவர் கொழும்பில் எழுதுவினைஞராகக் கடமையாற்றும் சிங்கள அன்பர். பறவை தேடிச் சுற்றிய ஊர்களிலே கற்றுக்கொண்ட தமிழை அவர் தயக்கமின்றிப் பேசினார்.

விடிந்ததும் நான் கண்ட காட்சியை எவ்வாறு சொல்வேன்! தாம்போதியின் இருமருங்கிலும் ஆழமற்ற உவர்நீர். அதில் வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த ஒரு நீண்ட கோடு. முதலில் அதனை நுரையென்றே எண்ணினேன். தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தபோது அந்தக் கோடு கால்களாகவும் கழுத்துகளாகவும் பிரிந்தது. பூநாரைகள்! நாலடிக்கு மேற்பட்ட உயரமுள்ள அப்பறவை தலையைக் கவிழ்த்து, அலகின் மேற்புறம் கீழாக நீரில் அமிழ்த்தி, சேற்றை வடித்து உண்கிறது. காலால் சேற்றை மிதித்துக் கலக்கியபடியே வட்டமாய்ச் சுற்றிவருவதும் உண்டு. கூர்ச்சரத்துக் கச்சுப் பகுதியின் உப்புவெளியிலே இவ்வினம் பெருந்தொகையாகக் கூடுகட்டுகிறது. எமது கரைக்கு வருவனவும் அங்கிருந்தே வருகின்றன என்பது பொதுவான கருத்து.

எண்ணுவதற்கும் ஒரு முறையுண்டு. முதலிற் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்பதைக் கண்ணிற் பதித்துக்கொள்ள வேண்டும். பின்பு அவ்வளவைக் கொண்டு நூறு, நூறைக் கொண்டு ஆயிரம். இருவர் தனித்தனியே எண்ணி ஒப்பிடுவர். என் கணக்கும் மாஸ்ரரின் கணக்கும் ஒவ்வவே இல்லை. “உமது பத்து வரவரப் பருத்துவிட்டது” என்று அவர் நகைத்தார்.

வங்காலைச் சரணாலயம் இங்குதான் இருக்கிறது. 2008ஆம் ஆண்டிலே சரணாலயமாக்கப்பட்டு, 2010ஆம் ஆண்டிலே ராம்சார் உடன்படிக்கையின் கீழ்ச் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமெனவும் ஏற்கப்பட்ட 4,839 ஹெக்டேயர் நிலம். சைபீரியாவிலிருந்து வரும் ஊசிவால் வாத்துகளும் மூக்கன்களும் உள்ளான்களும், வெள்ளையும் கறுப்புமான நண்டுண்ணிகளும் அன்று கண்ணுக்கெட்டிய தூரம் நிறைந்திருந்தன. நண்டுண்ணி ஒரு விந்தையான பறவை. ஏனைய கரைப்பறவைகளைப் போலன்றி, மணலிலே வளை தோண்டி அதற்குள்ளே ஒற்றை வெண்முட்டையிடும்.

பொழுதேற ஏறப் பறவைகள் தூரம் போயின. பேச்சு நெருங்கி வந்தது.

கொழும்பு அன்பர் ஒரு பயணப் பித்தர். இலங்கைக்கே உரியனவெனக் கொள்ளப்படும் முப்பதுக்கு மேற்பட்ட இனங்களையும் கண்டு முடித்தவர். சிங்கராஜ வனத்தின் மழையிலே அட்டைக் கடிபட்ட கதையையும், நுவரெலியா விக்டோரியாப் பூங்காவிலே காஷ்மீரத்து ஈபிடிப்பானைத் தேடிய கதையையும் சுவைபடச் சொன்னார். அப்பூங்காவில் மிக நல்ல பறவைகள் காணக்கிடைப்பது பூப்பாத்திகளின் அருகே அல்லவாம். நாற்றமெடுக்கும் கழிவுநீர் ஓடையின் ஓரத்திலேதானாம். உல்லாசப் பயணிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு அவ்விடத்தைக் கடக்க, பறவை நோக்குவோர் அங்கேயே மணிக்கணக்காக நிற்பராம்.

அவர் பெருமதிப்போடு சொன்ன பெயர் தீபால் வறக்காகொட என்பது. 1995ஆம் ஆண்டிலே கித்துல்கல காட்டில் இரவுநேரத்தில் அவர் கேட்ட ஒரு குரல், தாம் அறிந்த எந்தப் பறவையினதும் அன்று என்று பட்டது. அந்த ஐயத்தை அவர் விடவில்லை. 2001ஆம் ஆண்டு சனவரியில், சிங்கராஜவிலே, அக்குரலுக்குரிய சிறு செந்நிற ஆந்தையைக் கண்டார். 2004இல் அது உலகுக்குப் புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. இந்நாட்டிலே அதற்கு முன் புதிய பறவையினம் ஒன்று கண்டறியப்பட்டு நூற்றுமுப்பது ஆண்டுகள் கடந்திருந்தன. இத்தனை காலமும் அந்த ஆந்தை கூவிக்கொண்டுதான் இருந்தது.

“அதுதான் உண்மையான பயணம்” என்றார் மாஸ்ரர். “ஒரே குரலைப் பின்தொடர்ந்து ஆறு வருடம். உங்கள் பட்டியற் பயணம் அப்படியல்ல. ஒன்றைக் கண்டதும் அடுத்ததற்கு ஓடுகிறீர்கள்.”

அன்பர் இதனை ஒப்பவில்லை. ஓடித் திரிந்தபடியாற்றான் இன்று வடக்கிலே இந்தச் சேற்றில் நிற்கிறேன், இல்லாவிடில் மன்னார் எனக்கு வரைபடத்தில் ஒரு பெயர் மாத்திரமே என்றார். அதுவும் நியாயமாகவே எனக்குப் பட்டது.

வேறொரு விடயத்திலே இருவரும் ஒன்றுசேர்ந்து இளைஞரைப் பிடித்துக்கொண்டனர். பூநாரைகள் சிறகு விரிக்கும்போதே அவற்றின் செந்நிறம் முழுமையாகத் தெரியும். அந்தப் படத்துக்காக அவற்றின்மேல் ஆளில்லா வானூர்தியைப் பறக்கவிட்டும், கரையோரம் ஓடிக் கைதட்டியும் எழுப்புவோர் உளர். தாம் ஒருபோதும் அவ்வாறு செய்ததில்லையென இளைஞர் ஆணையிட்டார். ஆனால் செய்தவரோடு கூட நின்றதுண்டு என்பதையும் மறைக்கவில்லை. “இரை தின்னும் பறவையை எழுப்புவது, பசித்தவனைப் பந்தியிலிருந்து எழுப்புவதுதான், தம்பி” என்றார் மாஸ்ரர். இளைஞர் தலைகுனிந்து, கருவியின் கண்ணாடியை நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவர்தாம் பிறகு எங்கள் பார்வையைத் தீவின் தென்கரைப் பக்கமாகத் திருப்பினார். அக்கரை நெடுகிலும் நிற்பவை 2020ஆம் ஆண்டு திசம்பரிலே திறந்துவைக்கப்பட்ட ‘தம்பபவனி’ நிலையத்தின் முப்பது காற்றாலைகள். கடற்காற்றிலே மின்சாரம் எடுப்பது நல்ல காரியமன்று என்று யார் சொல்லமுடியும்? நிலக்கரியை எரிப்பதிலும் அது நூறுமடங்கு மேல். ஆயினும் ஆசியாவின் நடுப்பகுதியூடாகத் தெற்கு நோக்கி வரும் வலசைப் பாதையின் வாயில்களில் ஒன்று இத்தீவு. 2021ஆம் ஆண்டிலே மன்னாரில் பிடித்து, செய்மதிக் கருவி பொருத்தி விடப்பட்ட கடற்காகமொன்று வடதுருவத்தை அடுத்த ருஷிய நிலம்வரை சென்று மீண்டும் மன்னாருக்கே வந்தமை இதற்கு நல்ல சான்று. சுழலும் அலகுகளிலும் பார்க்க, ஈரநிலத்தின் குறுக்கே செல்லும் மின்கம்பிகளையே இளைஞர் அதிகம் அஞ்சினார். மங்கிய வெளிச்சத்திலே, கூட்டமாக, நீண்ட கழுத்தை நீட்டிப் பறக்கும் பறவைக்கு மெல்லிய கம்பி தெரிவதில்லை.

இத்தீவிலே மேலும் காற்றாலைகளை நிறுவ இந்தியக் கம்பனியொன்று திட்டமிட்டபோது, 2024ஆம் ஆண்டிலே சூழலியல் அமைப்புகள் உயர்நீதிமன்றம் சென்றன. வலசைப் பறவைகளின் பாதையும் அம்மனுக்களிற் பேசப்பட்டது. 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் அக்கம்பனி விலகிக்கொண்டது. ஆனால், மின்சாரத்தின் விலை பற்றி அரசோடு எழுந்த பேச்சே அதன் பின்னணி. பறவைகள் வழக்கில் வென்றன என்று எவரும் மகிழ இடமில்லை.

“நீதிமன்றத்தில் என்ன கேட்பார்கள்?” என்று மாஸ்ரர் திடீரெனக் கேட்டார். “எத்தனை பறவை, எந்த மாதம், எந்த உயரத்தில், எத்தனை வருடமாக என்றுதான் கேட்பார்கள். அழகாயிருக்கிறது என்று சொன்னால் எழுதிக்கொள்ளமாட்டார்கள்.”

சற்று மௌனமாயிருந்துவிட்டு, நான் அதுவரை அறியாத ஒன்றைச் சொன்னார். 1971ஆம் ஆண்டு தொடக்கம் தாம் கண்ட பறவைகளை அப்பியாசக் கொப்பிகளில் எழுதி வந்தாராம். தொண்டைமானாறு, அரியாலை, மண்டைதீவு, சுண்டிக்குளம் என்று இடம் பிரித்து, நாள் பிரித்து. 1995ஆம் ஆண்டு ஐப்பசி இறுதியில் வலிகாமமே ஒரே இரவில் எழுந்து நடந்தபோது, தாயாரைத் துவிச்சக்கரவண்டியில் இருத்தி உருட்டிச் சென்றார். கொப்பிகளுக்கு அவ்வண்டியில் இடமிருக்கவில்லை. திரும்பி வந்தபோது வீட்டிலே கூரையும் இல்லை, கொப்பிகளும் இல்லை.

“முன்னர் எவ்வளவு வந்தன, இப்போது எவ்வளவு வருகின்றன என்பது எனக்குத் தெரியும். ஆனால் என் ஞாபகத்தை யார் சாட்சியாக ஏற்பார்கள்?”

யுத்த காலத்திலே வடகரையெங்கும் இவ்வாறே கணக்கு அறுந்தது. அறுந்த இடத்துக்கு முன்னால் இருப்பவை பெரும்பாலும் ஆங்கிலேயர் எழுதி வைத்தவை. 1880ஐ அடுத்து வெளிவந்த லெக் என்பாரின் பெருநூலும், கண்டியிலே பிறந்து கொழும்பு நூதனசாலையிலே பணியாற்றிய ஹென்றி என்பார் தாமே படம் வரைந்து 1955இல் வெளியிட்ட நூலும் இன்றும் துணையாகின்றன. இந்நூல்களிலே பறவைகளின் தமிழ்ப் பெயர்களையும் கேட்டறிந்து குறித்திருக்கின்றனர். புலுனி, ஆட்காட்டி, செண்பகம், கவுதாரி என்று எம்மவர் வாயிலிருந்து பெற்ற பெயர்களை இன்று எம் மாணவர்க்கு ஆங்கில நூலைத் திறந்து காட்டவேண்டிய நிலை! இதனை எழுதும்போது ஆசிரியனாகிய எனக்கே வெட்கமாயிருக்கிறது.

எமது முன்னோர் பார்க்கத் தெரியாதவரல்லர். சத்திமுற்றப் புலவர் நாரையைத் தூதுவிட்ட பாடலை நான் வகுப்பிலே எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். மாஸ்ரர் அதை வேறுவிதமாகப் படித்திருந்தார். “காலின் நிறம் இருக்கிறது. அலகு, பிளந்த பனங்கிழங்குபோல் என்று வடிவமும் நிறமும் இருக்கின்றன. பேடோடு சேர்ந்து திரிகிறது. தெற்கே குமரிவரை போய் வடக்கே திரும்பும் என்று வலசையும் இருக்கிறது. குறிப்பேட்டில் எழுதவேண்டிய எல்லாம் உண்டு. திகதி ஒன்றுதான் இல்லை” என்றார்.

நண்பகலாகியும் நிழலில்லை. கொண்டுபோன இடியப்பத்தை வண்டியின் பின்புறத்தில் வைத்து நால்வரும் பகிர்ந்து உண்டோம். கொழும்பு அன்பர் கணக்குத் தாளை நிரப்பிக் கையொப்பமிட்டார். மாஸ்ரர் அதனை வாங்கி, தமக்கென ஒரு பிரதி எழுதிக்கொண்டார். அப்பிரதியிலிருந்து இளைஞர் இன்னொரு பிரதி எடுத்தார். கைத்தொலைபேசியிலே படமும் பிடித்தார். “மூன்று இடத்தில் இருக்கட்டும், சேர்” என்றார்.

திரும்பும் வழியிலே, சுன்னாகத்துக் கடையொன்றில் வண்டியை நிறுத்தச் சொன்ன மாஸ்ரர், எண்பது பக்க அப்பியாசக் கொப்பியொன்றை வாங்கி என் கையில் தந்தார். அன்று மாலை ஆறு மணிக்குச் சற்று முன்னதாக, வளவின் பின்புறத்து அன்னமுன்னா மரத்தடியிலிருந்து இரண்டு தொனியில் ஒரு சீழ்க்கை எழுந்தது. திகதியையும் நேரத்தையும் முதலில் எழுதி, பிறகு பெயரை எழுதினேன்.

பங்குனி முழுவதும் அக்குரல் கேட்டது. சித்திரை பிறந்து ஆறாம் நாள் மாலை கேட்கவில்லை. ஏழாம் நாளும் கேட்கவில்லை. அதனையும் எழுதியிருக்கிறேன்.