ஒரகடம் பஸ்ஸில் ஒரு பெர்லின் சத்தம்

முதல் ஷிப்ட்டுக்கு உத்திரமேரூரிலிருந்து வாலாஜாபாத் வழியாக ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில் பாதிப் பேர் தூக்கம், மீதிப் பேர் காதில் ஹெட்போன். ராஜாவும் அனிருத்தும் பாடும் அந்தக் காதுகளில் அபூர்வமாக ராம்ஷ்டைன் என்ற ஜெர்மன் இசைக்குழுவும் நுழையலாம். டெய்ம்லர் என்ற ஜெர்மன் கம்பெனி ஒரகடத்தில் 2012 முதல் லாரி தயாரிக்கிறது. ஆனால் இந்தப் பாட்டுக்கு ஜெர்மன் தெரிய வேண்டியதில்லை. பிரஸ் மெஷின் பக்கத்தில் எட்டு மணி நேரம் நின்றவருக்கு அந்தத் தாளம் புரிந்துவிடும்.

ராம்ஷ்டைன், 1994-ல் பெர்லினில் சேர்ந்த ஆறு பேர். அத்தனை பேரும் பழைய கிழக்கு ஜெர்மனிக்காரர்கள். மேடையேறவே அரசு அனுமதி வேண்டியிருந்த காலத்தில் பங்க் வாசித்து வளர்ந்தவர்கள் இவர்களில் சிலர். பாடகர் டில் லிண்டமன் கூடை முடைந்து பிழைத்தவர். பெர்லின் சுவர் இடிந்தபின் அவர்கள் பக்கத்து ஆலைகள் வரிசையாக மூடப்பட்டன. ஊரில் ஓய்ந்த ஆலைச் சத்தம் அதே ஆண்டுகளில் இவர்கள் பாட்டில் ஏறியது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இவர்கள் முன்னோடிகள் அல்ல. மேற்கு பெர்லினின் ஐன்ஷ்டுர்ட்ஸெண்ட நாய்பௌட்டன் குழு 1980-களிலேயே டிரில்லிங் மெஷினையும் இரும்புத் தகட்டையும் மேடையேற்றியது. அது கட்டவிழ்ந்த இரைச்சல். ராம்ஷ்டைன் அந்த இரைச்சலுக்குக் கணக்குப் போட்டது.

கொஞ்சம் உற்றுக் கேளுங்கள். இரண்டு கிட்டார்களும் பெரும்பாலும் ஒரே வரியைத்தான் வாசிக்கின்றன. உள்ளங்கை ஓரத்தால் தந்தியை அமுக்கிக்கொண்டு மீட்டுவதால் நாதம் நீளாமல் வெட்டுப்பட்டு விழுகிறது. டிரம்ஸ் நான்கு எண்ணிக்கையை விட்டு அநேகமாக அசையாது. நம் தவில்காரருக்கு இது சப்பென்றுதான் இருக்கும். அந்தப் பிடிவாதம்தான் இதன் பலம். அதன் மேல் லிண்டமன் ரகரத்தை உருட்டி, அடிக்குரலில், பாதி பேச்சாகப் பாடுகிறார்.

முதல் ஆல்பம் 'ஹெர்ட்ஸலைட்' (1995) பெரும்பாலும் இந்த அடிதான். நாலு பாட்டுக்கு மேல் எனக்கு அலுத்துவிடும். 1997-ல் வந்த 'டூ ஹாஸ்ட்' உலகம் சுற்றி, கிராமி பரிந்துரை வரை போனது. 1998-ல் ஒரு வீடியோவில் ஹிட்லர் கால இயக்குநர் லெனி ரீஃபன்ஷ்டாலின் ஒலிம்பிக் காட்சிகளைச் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். நியாயமான திட்டு. அணிவகுப்புத் தாளத்தோடு அந்தப் படங்களும் சேர்ந்தால் யார்தான் பயப்படமாட்டார்கள்? நாங்கள் இடதுபக்கம் என்று 2001-ல் ஒரு பாட்டாலேயே பதில் சொன்னார்கள்.

அந்தப் பாட்டு வந்த 'முட்டர்' ஆல்பம்தான் திருப்பம். ஆர்க்கெஸ்ட்ரா உள்ளே வந்ததும் அதே இரும்படிக்குச் சோகம் கிடைத்தது. 2004-க்குப் பிறகு அக்கூஸ்டிக் கிட்டாருக்கும் இடம் கொடுத்தார்கள். 2009-க்கும் 2019-க்கும் இடையே புது ஆல்பமே இல்லை. 2022-ல் வந்த 'ட்ஸைட்' பாட்டு, பியானோவோடு நிதானமாக நகர்கிறது. சத்தத்தால் பேர் வாங்கியவர்கள் வயதானபின் அடக்கி வாசிக்கக் கற்றிருக்கிறார்கள். ஆள் ஒருவர்கூட மாறவில்லை.

மேடையில் கக்கும் தீயை யூடியூபில் பார்த்துவிட்டு இவர்களை எடைபோட வேண்டாம். புதிதாகக் கேட்பவர்கள் 'முட்டர்' ஆல்பத்தை முதலில் எடுங்கள். 'ஹெர்ட்ஸலைட்' அப்புறம் இருக்கட்டும்.