பானையின் வழவழப்பும் கடல் நுண்ணுயிர்களின் கூட்டமும்

தண்ணீர்க் குடத்தை இரண்டு மூன்று நாள் தேய்த்துக் கழுவாமல் வைத்திருந்து, அதன் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். மெல்லிய வழவழப்பு ஒன்று விரலில் படும். பள்ளிவாசல் ஹவுளின் படியில் உளூச் செய்ய அமர்பவரின் காலை வழுக்கச் செய்வதும் அவ்வகைப்பட்டதே. அழுக்கு என்று ஒரே சொல்லில் நாம் ஒதுக்கிவிடும் அது, கண்ணுக்குப் புலப்படாத கோடிக்கணக்கான உயிர்கள் கூடிக் கட்டிக்கொண்ட குடியிருப்பாகும். அறிவியலார் இதனை உயிர்ப்படலம் என்று அழைக்கின்றனர்.

இதனைப் பெரிய அளவில் காண விழுப்புரம், திண்டிவனத்து மக்கள் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. திண்டிவனத்திற்குக் கிழக்கே மரக்காணத்தில் உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. கடல்நீரைக் காயவைக்கும் உப்பளங்களில், நீர் முதலில் தேங்கும் பாத்திகளின் தரையில் பாய் விரித்தாற்போல் ஒரு படலம் படர்வதுண்டு. நுண்ணுயிர்கள் பிசின் போன்ற பொருளைச் சுரந்து மண் துகள்களைப் பிணைத்துவிடுகின்றன. நீர் தரைக்குள் இறங்கி வீணாகாமல் இப்படலம் காக்கிறது. ஆகவே உயிர்ப்படலம் எல்லா இடத்திலும் பகையன்று. அது எங்கே படர்கிறது என்பதே கேள்வி.

வாயும் செவியும் இல்லாத இவ்வுயிர்கள் எவ்வாறு ஒன்றுகூடுகின்றன? இதற்கு விடை கடலிலிருந்தே கிடைத்தது. விப்ரியோ ஃபிஷெரி என்பது ஒளிவீசும் கடல் நுண்ணுயிர். ஒருவகைச் சிறு கணவாயின் உடலில் குடியிருந்து இரவில் ஒளி தருவது. இதனை ஆய்வுக்கூடத்தில் வளர்த்த கென்னத் நீல்சன், டெர்ரி பிளாட், உட்லண்ட் ஹேஸ்டிங்ஸ் ஆகியோர் 1970ஆம் ஆண்டில் ஒரு விந்தையை வெளியிட்டனர். எண்ணிக்கை குறைவாக இருந்தபோது அவை ஒளிரவில்லை; கூட்டம் பெருகிய பின்னரே ஒளிரத் தொடங்கின.

காரணம் இதுதான்: ஒவ்வொரு நுண்ணுயிரும் ஒரு வேதிப்பொருளைச் சிறிது சிறிதாக நீரில் வெளியிடுகிறது. தனித்திருக்கையில் அது நீரில் கரைந்து போய்விடும். கூட்டம் நெருங்க நெருங்க அதன் செறிவு உயரும். ஓர் அளவை எட்டியதும், போதிய பேர் கூடிவிட்டோம் என்னும் செய்தி எல்லாவற்றுக்கும் எட்டுகிறது. ஒளி தரும் மரபணுக்கள் ஒருசேர விழித்துக்கொள்கின்றன. ஜமாஅத் கூட்டத்தில் கோரம் சேர்ந்த பின்னரே தீர்மானம் நிறைவேற்றுகிறோம் அல்லவா? அறிவியலாரும் 1994ஆம் ஆண்டில் இச்செயலுக்குக் கோரம் அறிதல் என்னும் பொருள்படும் பெயரையே சூட்டினர்.

படலம் கட்டுவதிலும், கட்டிய படலத்தைக் கலைப்பதிலும் பல நுண்ணுயிர்கள் இச்சமிக்ஞையைப் பயன்படுத்துகின்றன. பிசின் கூட்டுக்குள் புகுந்துவிட்ட கிருமியைக் குளோரினும் மருந்தும் எளிதில் தீண்டுவதில்லை. குடத்து நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீர் பிடித்தால் மட்டும் போதாது என்பதன் காரணம் இதுவே. நீர் போகும், சுவரில் ஒட்டிய கூட்டம் அங்கேயே இருக்கும்.

இது வெறும் வியப்புச் செய்தியன்று. உயிரைப் பறிக்கும் காலராவின் கிருமியும் விப்ரியோ குலத்தைச் சேர்ந்ததே. உப்புநீரும் நன்னீரும் கலக்கும் கழிமுகங்கள் அதன் இயற்கை இருப்பிடங்கள். அங்கே மிதக்கும் கண்ணுக்கரிய ஓட்டுயிர்களின் மேல் அது படலமாக ஒட்டி வாழ்கிறது. 1992ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அதுவரை அறியப்படாத ஒரு புதிய காலரா வகை சென்னையில் தோன்றி, வங்கம் வரை பரவிற்று. ஓ139 என்று அதற்குப் பெயரிட்டனர்.

காலராக் கிருமியின் கணக்கு சற்றே தலைகீழானது. எண்ணிக்கை குறைந்திருக்கும்போது அது குடலில் ஒட்டிக்கொண்டு நஞ்சைச் சுரக்கிறது. கூட்டம் பெருகிவிட்டது என்று சமிக்ஞை கிடைத்ததும் நஞ்சையும் ஒட்டுதலையும் நிறுத்தி, பேதியோடு வெளியேறி மீண்டும் நீரை அடைகிறது. அடுத்த வீட்டைத் தேடிச் செல்கிறது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் பானி பாஸ்லரும் அவருடைய குழுவினரும் இச்சமிக்ஞை மொழியைத் துலக்கியவர்களுள் முதன்மையானோர். இம்மொழியைக் குழப்பியே நோயை அடக்க முடியுமா என்று இன்று ஆராய்ந்து வருகின்றனர்.

அந்த மருந்து வரும்வரை நாம் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. வங்காளதேசத்தின் மத்லப் பகுதியில், 65 கிராமங்களில் ஏறத்தாழ 1,33,000 மக்களிடையே ரீட்டா கால்வெல் குழுவினர் நடத்திய ஆய்வின் முடிவு 2003இல் வெளிவந்தது. பழைய பருத்திச் சேலையை நான்காகவோ அதற்கு மேலோ மடித்துக் குடிநீரை வடிகட்டிய வீடுகளில் காலரா 48 விழுக்காடு குறைந்திருந்தது! தனிக் கிருமி துணியின் இழை வழியே நழுவிவிடும். ஆனால் அது ஒட்டி வாழும் ஓட்டுயிர் துணியில் சிக்கிக்கொள்கிறது. துவைத்துத் துவைத்து இழை நெருங்கிய பழஞ்சேலை புதுச்சேலையினும் நன்றாக வடித்தது. நம் பாட்டிமார் பானை வாயில் துணி கட்டி நீர் வடித்த வழக்கம் பொருளற்றதன்று என்பது இதனால் புலனாகும். எனினும் பாதி நோய் தப்பியது என்றால் பாதி எஞ்சியது என்றும் பொருள். ஆகையால் வடித்த நீரைக் கொதிக்க வைப்பதே முழுக் காப்பு.

இல்லத்தரசியர் கைக்கொள்ள வேண்டியவை எளியவையே. குடத்தையும் பானையையும் நாள்தோறும் உட்புறம் தேய்த்துக் கழுவி, கவிழ்த்து உலர விடுங்கள். மேல்நிலைத் தொட்டியைக் காலியாக்கிச் சுவரைத் தேய்த்த பின்னரே பிளீச்சிங் பவுடர் இடச் செய்யுங்கள். தேய்க்காமல் இட்டால் படலத்தின் மேற்பரப்போடு அதன் வேலை நின்றுவிடும். பானைக்குள் கையை விடாமல் அகப்பையால் மொண்டு எடுங்கள். குழந்தைக்குப் பேதி கண்டால் உப்பு சர்க்கரைக் கரைசலை உடனே கொடுக்கத் தொடங்கி, மருத்துவரிடம் விரையுங்கள்.

நுண்ணுயிர்களின் வலிமை அவை கூடிக் கட்டும் கோட்டையில் இருக்கிறது. அக்கோட்டை எழும் முன்னரே இடித்துவிடும் ஆற்றல் ஒரு பிடித் தேங்காய் நாரில், அன்றாடம் அதனை எடுக்கும் கையில் இருக்கிறது.