கடலோடியின் கருவிகள் – 9: ஜிபிஎஸ்ஸையும் வயர்லெஸ்ஸையும் பேச வையுங்கள்

தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் தங்குகடல் விசைப்படகு எதிலாவது ஏறி, வீல்ஹவுஸுக்குள் பாருங்கள். சுக்கானுக்கு முன்னால் ஜிபிஎஸ், பக்கத்தில் எக்கோ சவுண்டர், தலைக்கு மேலே வயர்லெஸ், சிலவற்றில் பக்கத்துக் கப்பல்களைக் காட்டும் ஏஐஎஸ்ஸும் இருக்கும். எல்லாம் காசு கொட்டி வாங்கியவை. ஆனால் பல படகுகளில் ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் இரண்டே கம்பிகள்தான் புறப்படுகின்றன: ஒன்று பேட்டரிக்கு, ஒன்று ஆண்டெனாவுக்கு. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே எதுவும் இல்லை.

படகு எங்கே நிற்கிறதென்று ஜிபிஎஸ்ஸுக்குத் தெரியும், வயர்லெஸ்ஸுக்குத் தெரியாது. ஆபத்து வந்தால் கூப்பிட வேண்டியதோ வயர்லெஸ்தான்.

இப்போது கடையில் கிடைக்கும் விஎச்எஃப் வயர்லெஸ் பெட்டிகளில் பெரும்பாலானவற்றின் முகப்பில், சின்ன மூடிக்குள் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. மூடியைத் தூக்கிச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் 70ஆம் சேனலில் டிஎஸ்சி (டிஜிட்டல் செலக்டிவ் காலிங்) அபாயச் செய்தி தானாகப் போகும். படகின் ஒன்பது இலக்க எம்எம்எஸ்ஐ எண், நிற்கும் இடம், நேரம் எல்லாம் அதில் இருக்கும். பதில் வரும்வரை ஏறக்குறைய நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை அதுவே திரும்பத் திரும்பப் போகும். எட்டும் தூரத்திலுள்ள டிஎஸ்சி பெட்டிகள் எல்லாம் அலறும். அந்த வழியே போகும் சரக்குக் கப்பல்களும் இந்தச் சேனலைக் கவனித்தே ஆக வேண்டும் என்பது பன்னாட்டு விதி. ஜிபிஎஸ் இணைப்பில்லாத பெட்டியில் பொத்தானை அழுத்தினால், இடம் என்ற கட்டம் மட்டும் காலியாகப் போகும். தனக்கு வரும் டிஎஸ்சி அபாயச் செய்திகளில் பெரும்பாலானவை இப்படி இடமில்லாமல்தான் வருகின்றன என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படையே படகுக்காரர்களை எச்சரித்திருக்கிறது.

வாயால் சொன்னால் ஆகாதா? ஆகும், நேரமும் நிதானமும் இருந்தால். இரைச்சலுக்கு நடுவே 8 டிகிரி 14 நிமிடம் என்பதில் ‘ஃபோர்டீன்’ கேட்பவர் காதில் ‘ஃபோர்ட்டி’ என்று விழுந்தால் என்ன ஆகும்? அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல். 26 நிமிட வித்தியாசம் என்றால் 48 கிலோமீட்டர். தேடி வருகிறவர்கள் வேறொரு கடலில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

இதைத் தவிர்க்க இரண்டு கம்பி போதும். அமெரிக்காவின் தேசியக் கடல்சார் மின்னணுச் சங்கம் வகுத்த என்எம்இஏ 0183 என்ற முறை 1983 முதல் இருக்கிறது. பழைய ஜிபிஎஸ் பெட்டிகளும் இதைப் பேசும். அனுப்பும் செய்தி, டாலர் குறியில் தொடங்கும் ஒரு வரி. அடுத்து அனுப்புவது எந்தக் கருவி என்பதைச் சொல்லும் இரண்டு எழுத்து. பிறகு நேரம், இடம், வேகம், போகும் திசை. கடைசியில் நட்சத்திரக் குறியும் சரிபார்ப்பு எண்ணும். ஒரு வரி 82 எழுத்தைத் தாண்டாது. நொடிக்கு 4800 பிட் என்ற நிதானமான வேகம். ஏஐஎஸ் மட்டும் 38,400 பிட்டில் பேசும் என்பதால் அதை இணைக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே வேகம் வைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஜிபிஎஸ்ஸின் ‘அவுட்’ கம்பிகளை வயர்லெஸ்ஸின் ‘இன்’ கம்பிகளோடு சேர்க்க வேண்டும். பிளஸ்ஸுக்கு பிளஸ், மைனஸுக்கு மைனஸ். கம்பியின் நிறத்தை நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் வெள்ளை இன்னொரு கம்பெனியின் வெள்ளை அல்ல. இரண்டு கையேடுகளையும் விரித்து வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும். முறுக்கி டேப் ஒட்டுவது உப்புக்காற்றில் நிற்காது. செம்பு பச்சை பூத்துப் போகும். வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி வாங்கி, கிரிம்ப் செய்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். சரியாகச் சேர்ந்துவிட்டால் வயர்லெஸ் திரையில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் நேரமும் தெரியும். சோதிக்க அதுவே போதும். சிவப்புப் பொத்தானைச் சோதனைக்காக ஒருபோதும் அழுத்தக் கூடாது.

நான்கைந்து கருவிகள் இருந்தால் என்எம்இஏ 2000 என்ற முறை நல்லது. கார்களுக்காக பாஷ் நிறுவனம் உருவாக்கிய கேன் பஸ் என்ற இணைப்பு முறைதான் இதன் அடிப்படை. நடுவில் ஒரு முதுகெலும்புக் கேபிள். அதில் ‘டி’ இணைப்புகள். ஒவ்வொரு ‘டி’யிலிருந்தும் ஒரு கருவிக்குக் கிளைக் கம்பி. எந்தக் கிளையும் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது. முதுகெலும்பின் இரண்டு முனையிலும் 120 ஓம் டெர்மினேட்டர் கட்டாயம். கரண்டை நிறுத்திவிட்டு வெள்ளைக்கும் நீலத்துக்கும் நடுவே மல்ட்டிமீட்டர் வையுங்கள். 60 ஓம் காட்டினால் சரி. 120 காட்டினால் ஒரு டெர்மினேட்டர் இல்லை, அல்லது கேபிள் எங்கோ அறுந்திருக்கிறது. 40 என்றால் யாரோ மூன்றாவதை மாட்டியிருக்கிறார்கள். இவ்வளவு எளிதாகக் குறையைக் காட்டிக்கொடுக்கும் ஏற்பாடு படகில் வேறு இல்லை என்பேன்.

பேட்டரி விஷயத்தில் கவனம் தேவை. என்எம்இஏ 2000 வலைப்பின்னலுக்கு 12 வோல்ட்தான். 24 வோல்ட் பேட்டரி உள்ள படகில் நடுவே கன்வெர்ட்டர் வைக்காமல் இணைத்தால் கருவிகள் புகைந்துவிடும். எஞ்சின் ஸ்டார்ட் செய்யும் பேட்டரியிலிருந்தும் எடுக்காதீர்கள். ஸ்டார்ட்டர் இழுக்கும் நொடியில் வோல்டேஜ் விழுந்து ஜிபிஎஸ் அணைந்து மறுபடி வரும். இந்த வலைப்பின்னலுக்கென்று தனி ஃபியூஸும் வேண்டும்.

இவ்வளவு செய்தாலும் விஎச்எஃப் நேர்க்கோட்டில் போகும் அலைதான். நூறு மைலுக்கு அப்பால் இருக்கும் படகின் குரல் கரைக்கு வராது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது வள்ளவிளை, சின்னத்துறை போன்ற ஊர்களின் ஆழ்கடல் படகுகளுக்குக் கரையின் எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அந்த ஊர்கள் கொடுத்த விலை நமக்குத் தெரியும். அந்தத் தூரத்துக்கு செயற்கைக்கோள் டிரான்ஸ்பாண்டர்தான் வழி. ஒரு லட்சம் படகுகளில் அதைப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. ஆனால் மூழ்கும் படகை முதலில் எட்டக்கூடியது பத்து மைலில் வலை போட்டுக்கொண்டிருக்கும் இன்னொரு படகுதான். அதன் திரையில் உங்கள் இடம் எண்ணாகத் தெரிய வேண்டும்.

கடலுக்குப் போகும் முன் ஒரு சின்ன டப்பாவில் கூடுதலாக ஒரு டெர்மினேட்டர், ஒரு ‘டி’, இரண்டு ஃபியூஸ் போட்டு வையுங்கள். எந்தக் கம்பி எங்கே போகிறது என்று ஒரு தாளில் வரைந்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, வீல்ஹவுஸ் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். இணைத்தவர் படகில் இல்லாத நாளில்தான் அது தேவைப்படும்.

(அடுத்த வாரம்: 419 என்று தொடங்கும் எம்எம்எஸ்ஐ எண்)