குளிர்தேசக் குறிப்புகள் – 14: நிற்கத் தெரிந்த தெருக்கள்

செப்டெம்பரின் முதல் திங்கட்கிழமை தொழிலாளர் தினம். மறுநாள் பள்ளிக்கூடம் தொடங்கும். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் ஸ்கார்பரோவில் எங்கள் தெருமுனைக்கு வந்து நின்றால், கோடை முடிந்துவிட்டதென்று உங்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. மத்தியானத்தில் இன்னும் நல்ல வெயில் அடிக்கும். ஆனால் காலை எட்டு மணிக் காற்றில் ஒரு சில்லிப்பு இருக்கும். தாய்மார் பிள்ளைகளுக்கு மெல்லிய ஜாக்கெட் போட்டு அனுப்புவார்கள். பின்னேரம் அதே ஜாக்கெட் இடுப்பில் கட்டுண்டு திரும்பி வரும். மூலை வீட்டு மேப்பிள் மரத்தில் ஒரே ஒரு கிளை மட்டும் மற்றவற்றை முந்திக்கொண்டு சிவந்து நிற்கும்.

எங்கள் முனை, நாலு பக்கமும் ‘நில்’ பலகை நட்ட சந்தி. விளக்கு இல்லை, பொலிஸ் இல்லை. முதலில் வந்து நின்றவர் முதலில் போகலாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்தால் வலப்பக்கம் நிற்பவருக்கு வழி. விதி இவ்வளவுதான். இந்த முறை பள்ளி தொடங்கிய அன்று நான் நடந்துபோகும்போது நாலு கார்கள் ஒரே கணத்தில் வந்து நின்றன. நாலு பேரும் ‘நீங்கள் போங்கள்’ என்று கை காட்டினார்கள். உள்ளங்கை ஸ்டியரிங்கிலேயே இருக்க, நாலு விரல் மட்டும் மேலே எழும்பித் தாழும் ஒரு சைகை அது. இந்த ஊரில் கார் ஓட்டும் எல்லோருக்கும் அது கைவந்துவிடும். சில விநாடிகள் ஒருவரும் அசையவில்லை. அதற்குள் ஒரு சிறுமி தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு சந்தியைக் கடந்து போய்விட்டாள். தம்பியின் முதுகில் அவனைவிடப் பெரிய பை.

நான் 1989இல் இங்கே வந்தவன். வந்த புதிதில் ஒருநாள் பஸ்ஸில் நல்ல நெரிசல். சாரதி பிரேக் பிடிக்க, என் சப்பாத்துக் கால் பக்கத்தில் நின்றவரின் பாதத்தில் ஏறிவிட்டது. மிதிபட்ட அந்த மனிதர் என்னைத் திரும்பிப் பார்த்து “ஸொறி” என்றார். நக்கல் அடிக்கிறார் என்று நினைத்து அன்று முழுக்க மனம் குமைந்தேன். இரவு அத்தானிடம் சொன்னேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “அது நக்கல் இல்லையடா. இரண்டு பேருக்கும் நோகாமல் விஷயத்தை முடிக்கிற வழி. நீயும் திருப்பிச் சொல்லியிருந்தால் சரி.”

முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. அத்தான் சொன்னதைவிட நல்ல விளக்கம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

இந்த ‘ஸொறி’க்கு இங்கே தனியாகச் சட்டமே உண்டு என்றால் சிலர் நம்பமாட்டார்கள். ஒன்ராறியோ மாகாணம் 2009இல் மன்னிப்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. பிரிட்டிஷ் கொலம்பியா 2006இலேயே கொண்டுவந்துவிட்டது. ஒருவர் மன்னிப்புக் கேட்டார் என்பதை வைத்தே அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று நட்டஈட்டு வழக்கில் வாதிட முடியாது; அந்த மன்னிப்பைச் சான்றாகவும் காட்ட முடியாது. குற்ற வழக்குகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. சத்திரசிகிச்சை பிழைத்துப்போன குடும்பத்தின் முன்னால் ஒரு டாக்டர் வந்து நின்று “மன்னியுங்கள்” என்று சொல்ல, வழக்கறிஞரைக் கேட்டுக்கொண்டு வரவேண்டிய நிலைமை இருந்ததே, அதை மாற்றத்தான் இந்தச் சட்டம். நல்ல சட்டம் என்றே சொல்வேன். இழப்பில் இருப்பவர்களுக்கு அந்த ஒரு சொல் எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும்.

கனடியர்கள் பிறவியிலேயே பணிவானவர்கள் என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மஞ்சள் நிறப் பள்ளி பஸ்ஸைப் பாருங்கள். அது நின்று, சிவப்பு விளக்குகள் மின்னி, பக்கத்திலிருந்து ‘நில்’ பலகை கைபோல நீண்டால், பின்னால் வரும் வாகனங்கள் இருபது மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். நடுவில் தடுப்பு இல்லாத வீதியென்றால் எதிரே வருகிறவர்களும் நிற்க வேண்டும். நிற்காமல் போனால் முதல் தடவைக்கே 400 முதல் 2,000 டொலர் வரை அபராதம், சாரதிப் பத்திரத்தில் ஆறு குற்றப்புள்ளி. ஆகவே மரியாதைக்குப் பின்னால் சட்டம் காவல் நிற்கிறது. சட்டத்துக்குப் பயந்து நின்று நின்று, பிறகு பயம் மறந்து, நிற்பது மட்டும் பழக்கமாகி விடுகிறது. நாலு வயதில் அந்த பஸ்ஸிலிருந்து இறங்கி, இரண்டு பக்கமும் வாகனங்கள் தனக்காகக் காத்திருப்பதைப் பார்த்த பிள்ளை, பதினாறு வயதில் கார் பழகும்போது நிற்கும்.

சட்டத்தின் கண் எட்டாத இடத்திலும் நின்றவர்கள் உண்டு. 1986 ஓகஸ்ட் 11. நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், மூடுபனிக் கடலில், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் மிதந்துகொண்டிருந்தார்கள். மீன்பிடிக்கப் போன கஸ் டால்ட்டன் என்ற படகோட்டி அவர்களைக் கண்டார். யார், எந்த நாடு, ஏன் வந்தார்கள் என்பதையெல்லாம் கரையில் கேட்டுக்கொள்ளலாம் என்று முதலில் ஆட்களை ஏற்றினார். மற்றப் படகுகளையும் வரவழைத்தார். அன்றைய மீன்பிடி போயிற்று. நான் வந்த காலத்தில் ரொறொன்ரோத் தமிழர் வீடுகளில் எனக்கு முதலில் சொல்லப்பட்ட கனடாக் கதை இதுதான்.

மறுபடி மரத்துக்கு வருகிறேன். இலையில் தெரியும் மஞ்சள் புதிதல்ல. கோடை முழுவதும் உள்ளேயே இருந்து, பச்சையம் சிதைந்த பிறகு வெளியே தெரிவது. சிவப்பு அப்படியல்ல, அதை மரம் இந்தப் பருவத்தில்தான் பெரும்பாலும் புதிதாகச் செய்கிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் சேர்ந்தால் சிவப்பு தூக்கலாக வரும். இந்த நாட்டு மரியாதையை நான் அந்தச் சிவப்போடுதான் சேர்ப்பேன். செய்து எடுத்தது. குளிரும் அதற்கு ஒரு காரணம் என்பது என் எண்ணம். பெப்ரவரியில் பனியில் புதைந்த காரைத் தள்ள அயலவன் வேண்டும் என்று தெரிந்தவன், செப்டெம்பரில் அவனோடு முகம் கொடுத்துக் கதைப்பான்.

என் அயலவர் இத்தாலியிலிருந்து வந்தவர். எண்பதைத் தாண்டிவிட்டார். பின் வளவில் ஒரு அத்திமரம் வைத்திருக்கிறார். ஒவ்வொரு வருஷமும் குளிர் இறுகுவதற்கு முன்னால் அதன் ஒரு பக்க வேரை வெட்டி, மரத்தைச் சாய்த்து, பள்ளத்தில் படுக்க வைத்து, பலகையும் மண்ணும் போட்டு மூடிவிடுவார். வசந்தத்தில் தோண்டி நிமிர்த்துவார். எனக்குச் சட்டியில் ஒரு கறிவேப்பிலை. கோடையில் வெளியே, குளிரில் வரவேற்பறை யன்னலோரம். போன வருஷம் ஒக்டோபர் தொடக்கத்தில் ஒரு இரவு, ஒன்பது மணிக்குக் கதவில் தட்டுச் சத்தம். கம்பளித் தொப்பியும் வீட்டுச் செருப்புமாக அவர் நிற்கிறார். “இரவு உறைபனியாம். உங்கள் மரம் இன்னும் வெளியே நிற்கிறது” என்றார். நான் ஓடிப்போய்ச் சட்டியைத் தூக்கினேன். அவர் டோர்ச் அடித்துப் படி காட்டினார். சட்டி உள்ளே வந்ததும் ஒரு இலையைக் கிள்ளி மணந்து பார்த்துவிட்டுப் போனார். அன்று செடி வெளியே நின்றிருந்தால் பட்டுப்போயிருக்கும். இப்போது என் தோள் உயரம்.

தெருவில் கேட்கும் ஸொறி வேறு, நாடு கேட்க வேண்டிய மன்னிப்பு வேறு. அதில் ஒன்றும் இந்தப் பருவத்தில்தான் வந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஏறத்தாழ 22,000 ஜப்பானியக் கனடியரை மேற்குக் கரையிலிருந்து அப்புறப்படுத்தி, அவர்களுடைய வீட்டையும் படகையும் தோட்டத்தையும் விற்றுத் தீர்த்தது கனடா அரசு. 1988 செப்டெம்பர் 22 அன்று பிரதமர் பிரையன் மல்ரோனி நாடாளுமன்றத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்டார். உயிரோடிருந்தவர்களுக்குத் தலைக்கு 21,000 டொலர் கொடுத்தார்கள். பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அடைத்த வதிவிடப் பள்ளிகளுக்காக 2008 ஜூனில் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் மன்னிப்புக் கேட்டார். அந்தப் பள்ளிகளுக்குள் போன பிள்ளைகள் 150,000க்கும் மேல். அவர்களில் ஒருவர் ஃபிலிஸ் வெப்ஸ்டாட். 1973இல், ஆறு வயதில், பாட்டி வாங்கிக் கொடுத்த புது செம்மஞ்சள் சட்டையோடு போனார். முதல் நாளே அதைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள். பிறகு அது அவருக்குத் திரும்பக் கிடைக்கவேயில்லை.

இன்றைக்கும் பூர்வகுடிக் குடியிருப்புகள் சிலவற்றில் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்க முடியாது. கடை வாசலில் முன்பின் தெரியாதவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நாடு, அந்தக் குழாயில் நல்ல தண்ணீரும் வரச் செய்ய வேண்டும். அதுவரை அந்த மன்னிப்பு பாதிதான்.

2021 முதல் செப்டெம்பர் 30 இங்கே உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய நாள். அதையொட்டி உங்கள் பிள்ளை செம்மஞ்சள் சட்டை கேட்டால், கடைக்குப் போய் வாங்கிக் கொடுப்பதோடு நிறுத்தாதீர்கள். எதற்கு இந்தச் சட்டை என்று ஒரு தரம் கேளுங்கள். பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். உட்கார்ந்து கேளுங்கள்.